செவியை மறந்த விமரிசனம்: ‘கலா’ இசைத்தட்டும் அதன் வரவேற்பும்

கலைப்படைப்பொன்று புறக்கணிக்கப்படும்போது மாத்திரமே அதற்கு அநீதி இழைக்கப்படுகின்றது என்று நாம் எண்ணிப் பழகியுள்ளோம். பாராட்டின் மூலமும் அநீதி இழைக்கலாம் என்பதற்கு 2007 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே வெளிவந்த ‘கலா’ என்னும் இசைத்தட்டுத் தக்க சான்றாகும். எம்.ஐ.ஏ. என்னும் பெயரிற் பாடிவரும் மாதங்கி அருட்பிரகாசம் அவர்களின் இரண்டாவது இசைத்தட்டு இது. அமெரிக்காவின் ‘றோலிங் ஸ்ரோன்’ சஞ்சிகை அதனை அவ்வாண்டின் தலைசிறந்த இசைத்தட்டாகத் தெரிவு செய்தது. றொபேட் கிறிஸ்கோ போன்ற மூத்த விமரிசகர்கள் அதற்கு மிக உயர்ந்த மதிப்பீட்டை வழங்கினர். அதில் இடம்பெற்ற ‘பேப்பர் பிளேன்ஸ்’ என்னும் பாடல் 2008 இல் அமெரிக்கப் பாடல் வரிசைப் பட்டியலில் நான்காம் இடத்தை எட்டியது. 2009 ஆம் ஆண்டுக் கிராமி விருதுகளிலே ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவுக்கான பரிந்துரையையும் பெற்றது.

இவ்வளவு பாராட்டுக்கும் இடையிலே, அந்த இசைத்தட்டில் என்ன ஒலிக்கின்றது என்னும் எளிய வினாவுக்கு விடை கூறியோர் மிகச் சிலரே. மேனாட்டு விமரிசகர்கள் பாடகியின் வாழ்க்கை வரலாற்றை எழுதினர். நம்மவர்கள் ஒன்றிற் பெருமைப்பட்டனர், அல்லது முகஞ் சுளித்தனர். இரு சாராரும் தத்தம் செவிகளுக்கு ஓய்வு கொடுத்துவிட்டனர். இதுவே இக்கட்டுரை முன்வைக்கும் குற்றச்சாட்டு.

1. வரலாறு என்னும் திரை

மாதங்கி 1975 இல் இலண்டனிற் பிறந்தவர். அவர் ஆறு மாதக் குழந்தையாக இருந்த காலத்திற் குடும்பம் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது. தந்தையார் ‘அருளர்’ என்னும் பெயரால் அறியப்பட்டவர். ஈரோஸ் இயக்கத்தின் நிறுவுநர்களுள் ஒருவர். 1986 இல் தாயும் பிள்ளைகளும் அகதிகளாக இலண்டன் சென்றனர். தென் இலண்டனின் மிச்சம் பகுதியிலுள்ள அரசாங்கக் குடியிருப்பிலே வளர்ந்த மாதங்கி, சென்ற் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியிற் பயின்றார். 2005 இல் வெளிவந்த முதல் இசைத்தட்டுக்குத் தந்தையின் பெயரையும், இரண்டாவதற்குத் தாயின் பெயரையும் சூட்டினார்.

இச்செய்திகள் யாவும் உண்மையானவை, அறிய வேண்டியவையுங்கூட. ஆயின் இவ்விசைத்தட்டுப் பற்றிய மதிப்புரைகளிற் பெரும்பாலானவற்றில் இச்செய்திகளை நீக்கிவிட்டுப் பாருங்கள். எஞ்சுவது யாது? ‘குழப்பம்’, ‘இரைச்சல்’, ‘தெருவின் ஆற்றல்’, ‘உலகெங்கும் திரிந்த ஒலிகள்’ என்னும் சில அடைமொழிகளே. கிற்றார் வாசிக்கும் ஆங்கிலேய இளைஞர் நால்வரின் இசைத்தட்டை மதிப்பிட முனையும் ஒருவர், அவர்களின் தந்தையர் எக்கட்சிக்கு வாக்களித்தனர் என்பதிலிருந்து தொடங்குவதில்லை. சுரம், தாளம், ஒலிப்பதிவு என்பனவற்றிலிருந்து தொடங்குவார். அகதியான ஒரு பெண்ணின் இசைக்கு மட்டும் வரலாறு முகவுரையாகவும் முடிவுரையாகவும் அமைந்துவிடுகின்றது.

வரலாற்றை இசையின் இடத்தில் அமர்த்திய பின்னர், அடுத்த வினா தானாகவே பிறக்கின்றது: ‘இவர் உண்மையான ஏழையா? உண்மையான போராளியா?’ 2010 ஆம் ஆண்டிலே ‘நியூயோர்க் ரைம்ஸ்’ பத்திரிகையின் வார சஞ்சிகையில் வெளிவந்த நீண்ட கட்டுரை இவ்வினாவின் உச்சக்கட்டம் எனலாம். பாடகி அரசியல் பேசிக்கொண்டே விலையுயர்ந்த பொரித்த உருளைக்கிழங்கு உண்டார் என்பது அக்கட்டுரையின் மறக்கமுடியாத ‘சான்று’. அவ்வுணவைத் தருவிக்குமாறு கூறியவர் கட்டுரையாசிரியரே என்பதை ஒலிப்பதிவைக் கொண்டு பாடகி பின்னர் எடுத்துக்காட்டினார். மேற்கோள்கள் கையாளப்பட்ட முறை குறித்துப் பத்திரிகையும் ஒரு பதிப்பாசிரியர் குறிப்பை வெளியிட நேர்ந்தது. உணவின் விலையைக் கொண்டு ஒருவரின் கருத்தை அளக்கும் இம்முறை விமரிசனம் ஆகாது. ஒடுக்குமுறையைப் பற்றிப் பேசுபவர் பட்டினியோடுதான் பேசவேண்டும் என விதிப்போர், வயிறு நிறைந்தவர்கள் மௌனம் சாதிப்பதை மட்டும் ஒருபோதும் கண்டிப்பதில்லை.

‘கலையைச் சமுதாயத்திலிருந்து பிரித்துப் பார்க்கலாகாது என்பதுதானே ஈழத்துத் திறனாய்வு நமக்குக் கற்பித்த பாடம்? வரலாற்றை ஒதுக்கச் சொல்கிறீர்களா?’ என்று இவ்விடத்திலே சிலர் வினவக்கூடும். வரலாற்றை ஒதுக்குமாறு யாம் கூறவில்லை. சமுதாயம் கலைப்படைப்புக்குள் எவ்வழியாக நுழைகின்றது என்பதைக் காட்டுமாறே கேட்கின்றோம். அது உருவத்தின் வழியாகவே நுழைகின்றது. ‘கலா’வைப் பொறுத்தவரை அதற்குக் கண்முன்னேயுள்ள சான்று ஒன்றுண்டு.

2. விசா மறுப்பும் இசையின் உருவமும்

அமெரிக்காவிலே ரிம்பலன்ட் என்னும் புகழ்பெற்ற தயாரிப்பாளரோடு சேர்ந்து இவ்விசைத்தட்டை உருவாக்குவதே முதலில் இருந்த திட்டம். 2006 இல் அமெரிக்க விசா கிடைக்காமற் போகவே, அத்திட்டம் சிதைந்தது. அதன் பின்னரே இந்தியா, ஜமேக்கா, திரினிடாட், லைபீரியா, அவுஸ்திரேலியா, யப்பான் எனப் பல நாடுகளிலே ஒலிப்பதிவு வேலைகள் நிகழ்ந்தன. ரிம்பலன்டின் கைவண்ணம் இறுதிப் பாடலில் மட்டுமே எஞ்சியது. ஏனைய பாடல்களோடு ஒட்டாது நிற்பதும் அப்பாடலே.

குடிவரவு அலுவலகம் ஒன்றின் தீர்மானம், ஒரு பாடலின் தாளத்தை மாற்றியமைத்தது என்பதே இதன் பொருள். விசா கிடைத்திருப்பின், மேலும் ஒரு செப்பமான அமெரிக்க நடன இசைத்தட்டு நமக்குக் கிடைத்திருக்கக்கூடும். விசா மறுக்கப்பட்டமையால், உலகின் தென்பகுதியை இணைக்கும் ஓர் ஒலிவழி உருவாயிற்று. கலைக்கும் சமுதாயத்துக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேச விரும்பும் விமரிசகர் பேசவேண்டிய இடம் இதுவே. தந்தையின் இயக்கத்தைப் பற்றிப் பத்திகள் பல எழுதியோர், தாளத்தைத் திசைதிருப்பிய இந்த முத்திரைத்தாளை அடிக்குறிப்புப் போலத் தொட்டுச் சென்றனர்.

3. உறுமியின் ஓசை

இவ்விசைத்தட்டின் நடுநாயகமாக விளங்குவது தோற்கருவியின் ஒலி. ‘பேர்ட் ஃபுளூ’, ‘போய்ஸ்’ ஆகிய பாடல்களுக்காகத் தமிழ்நாட்டிலே உறுமி முதலான மேளங்கள் ஒலிப்பதிவு செய்யப்பட்டன. உறுமி இடை சிறுத்த இருமுக மேளம். ஒரு முகத்தைக் குச்சியால் அடிக்க, மறு முகத்தை வளைந்த குச்சியால் உராய்வர். அவ்வுராய்வினால் எழும் முனகலே அதற்குப் பெயரைத் தந்தது. கிராமத் தெய்வங்களின் கொடைகளிலும் சாவு வீடுகளிலும் ஒலிக்கும் அக்கருவிக்குச் சபாக்களிலே இடமில்லை.

‘உலக இசை’ என்னும் பெயரால் மேற்கில் விற்பனையாகும் கலப்பிசையின் வழக்கம் யாவரும் அறிந்ததே. மேனாட்டு சுர இணைவுகளை அடித்தளமாக இட்டு, அதன் மீது சித்தாரையோ தபேலாவையோ நறுமணப்பொடி போலத் தூவுவர். ‘கலா’வின் சிறந்த பாடல்கள் இவ்வொழுங்கைத் தலைகீழாக்குகின்றன. அங்கே சுர இணைவு என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. மேளக் கூட்டமே அடித்தளம். இலத்திரனியல் ஒலிகள் அதனைத் தொடர்ந்து ஓடுகின்றன. பாடகியின் குரலும் இன்னொரு மேளமாகவே தொழிற்படுகின்றது. ஒரே வேளையிற் பல மேளங்கள் வெவ்வேறு அடிகளைக் கொட்டி ஒரே நடையிற் சந்திக்கும் இவ்வமைப்பு, கோயில் வீதியிலே நின்று மேளக்கூட்டைக் கேட்ட எவருக்கும் புதியதன்று. இதனைக் ‘குழப்பம்’ என்று பெயரிட்ட விமரிசகர், இசையைப் பற்றி நமக்கு எதுவும் சொல்லவில்லை. தமது சொற்களஞ்சியத்தின் எல்லையையே சொல்லியுள்ளார்.

தூய்மையைத் தேடுவோருக்கும் இவ்விசைத்தட்டிலே ஏமாற்றமே காத்திருக்கின்றது. ‘பம்பூ பங்கா’ என்னும் முதற்பாடலில் ஒலிப்பது 1991 இல் வெளிவந்த ‘தளபதி’ திரைப்படத்துக்கு இளையராஜா அமைத்த ‘காட்டுக்குயிலு’ பாடலின் துணுக்கு. கிராமியத் தாளத்தைத் திரையிசை ஏற்கெனவே எடுத்துப் பயன்படுத்தியிருக்க, அத்திரையிசையை மாதங்கி எடுத்துக்கொள்கின்றார். ‘ஜிம்மி’ என்னும் பாடல் 1982 ஆம் ஆண்டு ஹிந்தித் திரைப்படமான ‘டிஸ்கோ டான்சர்’ இலிருந்து வந்தது. பப்பி லகிரி அமைத்த அம்மூலப் பாடலோ பிரெஞ்சு நடனப் பாடலொன்றைத் தழுவியது. ஐரோப்பாவிலிருந்து பம்பாய்க்கும், அங்கிருந்து உலகெங்குமுள்ள திரையரங்குகளுக்கும், பின்னர் இலண்டனுக்கும் சென்ற அம்மெட்டின் தாய்நாடு எது? கடன் வாங்கியதையே கடன் வாங்கும் இச்சங்கிலியிலே ‘அசல்’ என ஒரு கண்ணியைச் சுட்டிக்காட்ட முயல்வது வீண்வேலை. ஒவ்வொரு கண்ணியும் எடுத்ததைக் கொண்டு என்ன செய்தது என்பதே கேட்கத்தக்க வினா.

4. படைத்தவர் யார்?

முதலாவது இசைத்தட்டு வெளிவந்தபோதே, அதன் இசைக்குக் காரணர் டிப்ளோ என்னும் அமெரிக்கத் தயாரிப்பாளரே எனப் பலரும் எழுதிவிட்டனர். உண்மையில் அவ்விசைத்தட்டில் அவருடைய பங்கு மிகச் சிறியது. ‘கலா’ வெளிவந்த வேளையில், 2007 இல், ‘பிற்ச்போர்க்’ என்னும் இசை இதழுக்கு அளித்த செவ்வியிலே மாதங்கி இதனை வெளிப்படையாகவே கண்டித்தார். ‘கலா’வின் பெரும்பகுதி சுவிற்ச் என்னும் ஆங்கிலேயத் தயாரிப்பாளரும் அவரும் இணைந்து உருவாக்கியது, தயாரிப்பாளர் என்ற வகையில் அவருடைய பெயரும் அதில் உண்டு. பெயர் அச்சாகியிருந்தும் வாசிக்கப்படவில்லை.

இதனை ஒரு தனிமனிதத் தவறாக ஒதுக்கிவிட முடியாது. இலத்திரனியல் இசையிலே இயந்திரத்தைத் தொடுபவரே ஆக்குநர். இயந்திரத்தைத் தொடுபவர் ஆணாகத்தான் இருக்கவேண்டும் என்னும் எண்ணம், முற்போக்கு விமரிசகர்கள் எனத் தம்மைக் கூறிக்கொண்டோரின் பேனாவிலும் ஒளிந்திருந்தது. ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் தமது இசைக்கும் இதே கதி நேர்ந்ததைப் பின்னர் எடுத்துரைத்தார். பெண் பாடுவாள், ஆண் படைப்பான் என்பது அவர்களின் எழுதா விதி. அப்பெண் அகதியாகவும் இருந்துவிட்டால், அவள் தன் துயரத்தைக் கொண்டுவருவாள். அறிவை வேறொருவர் வழங்குவார் என்று விதி மேலும் இறுகிவிடுகின்றது.

தாயின் பெயர் சூட்டப்பட்ட ஓர் இசைத்தட்டுக்கு இவ்வாறு நேர்ந்தமை கசப்பான முரண். முதல் இசைத்தட்டின் ஆண்மைத் தன்மைக்கு எதிராக இதனைப் பெண்மைக்குரியதாக மாதங்கியே வருணித்ததுண்டு. அவ்வருணனையைப் பற்றிக்கொண்ட பலர் அதிலே மென்மையைத் தேடினர். ஆனால் அத்தாய் கணவரின்றிப் பிள்ளைகளை வளர்த்தவர், தையற்றொழிலாளி. 2019 இல் மாதங்கிக்குப் பிரித்தானிய அரச விருது அறிவிக்கப்பட்டபோது, அத்தகைய பதக்கங்களுக்குரிய தையல் வேலையைத் தம் தாயார் நெடுங்காலம் செய்துவந்தவர் என அவர் நினைவுகூர்ந்தார். துண்டுகளைத் தேர்ந்து வெட்டி, அடுக்கி, ஒட்டிப் பொருளாக்கும் ஒலித்துணுக்கு முறைக்கும் தையலுக்கும் உள்ள உறவைக் காண்பதற்கு அதிக நுண்ணறிவு தேவையில்லை. உழைப்பைக் காணும் கண் இருந்தாற் போதும்.

5. துப்பாக்கி ஒலியும் கல்லாப்பெட்டியும்

‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடலின் பல்லவியிலே சொற்களின் இடத்திற் துப்பாக்கி வெடியோசையும் பணப்பெட்டி திறக்கும் ஓசையும் வருகின்றன. டேவிட் லெற்றர்மனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலே 2007 இல் அப்பாடல் இடம்பெற்றபோது வெடியோசை மாற்றப்பட்டது, எம்.ரீ.வி. நிறுவனமும் அவ்வாறே செய்தது. 2008 இல், அமெரிக்காவில் வாழும் இலங்கையரான ராப் பாடகர் ஒருவர், மாதங்கி பயங்கரவாதத்துக்குத் துணைபோகின்றார் எனக் குற்றஞ்சாட்டிப் பாடல் வெளியிட்டார்.

பாடல் எதனைப் பற்றியது என்பதை இவர்கள் கேட்டறிந்ததாகத் தெரியவில்லை. குடியேறி வருபவன் போலிக் கடவுச்சீட்டுக்காரன், கொள்ளைக்காரன், நம் பணத்தைப் பறிக்க வந்தவன் என்னும் மேற்குலகின் அச்சத்தை எடுத்து, அந்த அச்சமே பாடினால் எவ்வாறிருக்கும் எனக் காட்டும் அங்கதம் அது. பாடலுக்கு அடித்தளமான இசைத்துணுக்கு, ‘த கிளாஷ்’ குழுவினரின் 1982 ஆம் ஆண்டுப் பாடலொன்றிலிருந்து எடுக்கப்பட்டது. அம்மூலப் பாடலும் குடியேறியோரையும், வியற்நாமிலே அமெரிக்கப் படையினர் கைவிட்டுச் சென்ற பிள்ளைகளையும் பற்றியது. ஆகவே தெரிவு தற்செயலானதன்று. அங்கதத்தை வாக்குமூலமாக வாசிப்பவர், கூத்தில் இராவணன் வேடம் புனைந்தவர் மீது சீதையைக் கடத்திய வழக்கைத் தொடுப்பவருக்கு ஒப்பாவார்.

6. நம்மவர் மௌனம்

இதுவரை மேனாட்டாரைக் குறைகூறினோம். அது எளிதான வேலை. இனி நம் வீட்டைப் பார்ப்போம்.

தமிழர் மத்தியிலே ‘கலா’வுக்குக் கிடைத்த வரவேற்பை மூன்றாக வகுக்கலாம். உலக அரங்கில் ஒரு தமிழிச்சி என்று மார்தட்டி, பாடலைக் கேளாமலே புகழ்ந்தோர் ஒரு பகுதியினர். அரசியல் காரணமாக அஞ்சியோ வெறுத்தோ ஒதுங்கியோர் இன்னொரு பகுதியினர். ‘இது சங்கீதமா?’ என்று கேட்டுக் கதவைச் சாத்தியோர் மூன்றாம் பகுதியினர். பல்கலைக்கழகத்தில் இருப்போராகிய நமக்கு அதிகம் நெருக்கமானவர்கள் இம்மூன்றாம் பகுதியினரே. ஆகையால் அவர்களுக்கே முதலில் விடை கூறவேண்டும்.

‘இது சங்கீதமா?’ என்னும் வினா புதியதன்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960 களிலே மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனை மேடைக்குக் கொண்டுவந்தபோது, நாட்டார் ஆட்டத்துக்குப் பல்கலைக்கழகத்தில் என்ன வேலை என்று கேட்டோர் இருந்தனர். சுருக்கிச் செப்பனிட்டமையால் மூலம் சிதைந்தது என்று குறைகூறியோரும் இருந்தனர். இன்று ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ ஆகியவற்றை விட்டுவிட்டு ஈழத்து அரங்க வரலாற்றை எழுதமுடியாது. பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ்ச் சினிமாவை ஆய்வுப் பொருளாகக் கொண்டபோதும் புருவங்கள் உயர்ந்தன. தமிழர் யாவரும் சாதி வேறுபாடின்றி ஒரே கூரையின் கீழ் அமர்ந்து கலை நுகர்ந்த முதல் அரங்கு சினிமாக் கொட்டகையே என்று அவர் எடுத்துக்காட்டியது, இன்று நாம் பெருமையுடன் மேற்கோள் காட்டும் கருத்தாகிவிட்டது. முன்னோடிகளை மேற்கோள் காட்டுவோம். அவர்கள் செய்த காரியத்தை மட்டும் செய்யமாட்டோம்!

இம்மறுப்பின் அடியிலே வெறும் இரசனை வேறுபாடு மட்டும் கிடக்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பறையும் மலையகத்துத் தப்பும் தமிழ்நாட்டு உறுமியும் பல நூற்றாண்டுகளாகச் சாதியால் அடையாளமிடப்பட்ட கருவிகள். அவற்றை அடித்தவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்திய சமுதாயம், அவற்றின் ஓசையையும் ‘இசை’ என்னும் சொல்லுக்கு வெளியே நிறுத்தியது. நமது இசைக்கல்வி இன்றும் கர்நாடக சங்கீதத்தையே அச்சாணியாகக் கொண்டு சுழல்கின்றது. எனவே ‘இரைச்சல்’ என்று கூறும் இலண்டன் விமரிசகரும், ‘இரைச்சல்’ என்று கூறும் நமது சங்கீத இரசிகரும் ஒரே சொல்லைக் கூறினாலும் ஒரே காரணத்தாற் கூறவில்லை. முன்னவர் அறியாமையாற் கூறுகின்றார். பின்னவர் அறிந்தே கூறுகின்றார். இரண்டாவது குற்றமே பெரிது.

7. ஒரு நியாயமான ஆட்சேபம்

‘அந்த மேளக்காரர்களைச் சுரண்டியவர் இப்பாடகிதானே? இலண்டனில் வாழ்பவர் வந்து ஒலியை எடுத்துச் சென்று புகழ் பெற்றுவிட்டார்’ என்பர் சிலர். மேற்கூறிய கண்டனங்கள் யாவற்றிலும் சிந்திக்கத்தக்கது இது ஒன்றே. ‘மாங்கோ பிக்கிள் டவுன் றிவர்’ பாடலிலே பங்கேற்ற அவுஸ்திரேலியப் பூர்வகுடிச் சிறுவர்களின் குழுவான வில்கானியா மொப் பெயர் சுட்டப்பட்டுள்ளது. கிளாஷ் குழுவினர் பாடலாசிரியர்களாகவே பதிவு பெற்றுள்ளனர். ஆனால் ‘கலா’வைப் போற்றிய மதிப்புரைகளிலே தயாரிப்பாளர் ஒவ்வொருவரும் பெயர் சொல்லிப் பேசப்பட, உறுமிக் கலைஞர்கள் ‘மேளக்காரர்கள்’ என்னும் பன்மைக்குள் மறைந்துபோகின்றனர்.

பதிப்புரிமைச் சட்டம் ஒலிப்பதிவின் உரிமையாளரை அறியும், மெட்டமைத்தவரை அறியும். தலைமுறை தலைமுறையாக ஒரு சமூகம் காத்துவந்த நடையொன்றுக்கு அச்சட்டத்தில் உடைமையாளர் இல்லை. இது மாதங்கி ஒருவரின் குற்றமாகச் சுருக்கத்தக்கதன்று. திரைப்பட இசையமைப்பாளர்களும் ஒலித்தட்டு நிறுவனங்களும் அவருக்கு முன்னரே நடந்த பாதை இது. எனினும், அவரையும் அக்கேள்வியிலிருந்து விடுவிக்க வேண்டியதில்லை. ஆனால் ஆட்சேபிப்போரிடம் ஒன்று கேட்போம்: அம்மேளக்காரர்களின் பெயர்களை நாம் அறிவோமா? நமது ஊர்ப் பறைக் கலைஞர்களின் அடிகளைக் குறியீட்டில் எழுதிவைத்துள்ளோமா? அவர்கள் வாழுங்காலத்தில் அவர்களை அழைத்து நமது மண்டபங்களிலே அமர்த்தியுள்ளோமா? தன் வீட்டுப் பொருளைக் குப்பையென்று வெளியே எறிந்தவர், அதனை எடுத்துச் சென்றவரைக் கள்வர் என்று கூவுவது நகைப்புக்கிடமானது.

8. செய்யவேண்டியது

‘கலா’ குறைகளற்ற படைப்பு என்று யாம் வாதிடவில்லை. பயணம் செய்த நாடுகள் பட்டியலாகவே நின்றுவிடும் இடங்கள் அதிலுண்டு. வேகமே பொருளாகிவிடும் இடங்களும் உண்டு. இக்குறைகளையும் செவியைப் பயன்படுத்தினாற்றான் காணமுடியும். பெருமையும் அச்சமும் இகழ்ச்சியும் குறைகளைக்கூடக் காட்டுவதில்லை.

தமிழ்த்துறை, நுண்கலைத்துறை மாணவர்கள் இவ்வாண்டே தொடங்கக்கூடிய பணி ஒன்றுண்டு. ‘பேர்ட் ஃபுளூ’ பாடலின் மேள அடிகளைக் கேட்டு எழுதுங்கள். அதனோடு உங்கள் ஊர்ப் பறையின் அடிகளையும், அடித்தவரின் அனுமதியோடும் பெயரோடும் பதிவு செய்து எழுதுங்கள். இரண்டையும் ஒப்புநோக்குங்கள். எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே இலத்திரனியல் இயந்திரம் அடியை நேராக்கிவிட்டது, எங்கே அது முடியாமற் போயிற்று என்பதைக் கூறுங்கள். அத்தகைய ஒரு கட்டுரை, மேனாட்டுச் சஞ்சிகைகளில் வந்த மதிப்புரைகள் பலவற்றினும் பயனுடையதாகும். அதனை எழுதுவதற்கு வேண்டிய செவியும் மொழியும் அயலும் நம்மிடமே உள்ளன. அவ்வாறிருந்தும் எழுதாமல் இருப்போமாயின், நம் இசையைப் பற்றி இலண்டனும் நியூயோர்க்கும் தவறாக எழுதுகின்றன என்று முறையிடும் தகுதியை நாம் இழந்துவிடுவோம்.